மேல்பூச்சில் இருந்த குரல்

வார்னிஷ் காய நாளாகும் என்பது எந்தத் தச்சனுக்கும் தெரியும். காய்கிற அந்த மூன்று நான்கு வாரத்தில் பக்கத்தில் யார் பேசினாலும் அந்தப் பேச்சின் அதிர்வு ஈரப்பூச்சில் விழுந்து, பூச்சு இறுகும்போது கூடவே இறுகிவிடுகிறது என்பது மட்டும் இரண்டாயிரத்து நாற்பத்து நான்காம் வருஷம் வரை யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவள் தூத்துக்குடி அமலி ரோச். உலர்ந்த பூச்சை மெல்லிய ஒளியால் வருடி, உள்ளே உறைந்த பேச்சைத் திரும்பக் கேட்க வைக்கும் கருவியையும் அவளே செய்தாள். அதற்கு ‘ஒளியூசி’ என்று பெயர் வைத்தாள்.

அதற்குப் பிறகு பதினேழு வருஷம் அவள் ஊர் ஊராகப் போய்ச் செத்தவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உயிரோடு இருப்பவர்களோடு பேசுவது குறைந்துபோயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு தம்பி மாதம் ஒருமுறை கூப்பிடுவான். சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று கேட்பான். மூன்றாவது கேள்வி அவனிடம் இருக்காது.

ஓபர்வேரன் என்ற அந்த ஐரோப்பிய மலையூருக்கு நவம்பரில் வந்து இறங்கியபோது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஊரில் ஒரே ஒரு பெரிய கோவில். கோவிலின் வடக்கு மூலையில் கறுத்துப்போன மரத்தில் ஒரு பாவசங்கீர்த்தனத் தொட்டி: நடுவில் சாமியார் உட்கார ஓர் அறை, பக்கத்தில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பவர் முழங்காலிட ஓர் அறை, இரண்டுக்கும் நடுவே துளையிட்ட பலகை. அந்தப் பலகையைத்தான் அமலி படிக்க வேண்டும். அந்த நாட்டின் மரபுரிமை அமைச்சகம் அவளை வரவழைத்திருந்தது.

முதல் நாள் அமைச்சகத்தின் ஆணையர் ரைனர் ஃபால்க் அவளைத் தொட்டிக்கு அழைத்துப் போனார். வரலாறு படித்தவர். மெலிந்த, சுத்தமான, மரியாதையான மனிதர்.

“இதற்கு ஐந்து முறை வார்னிஷ் அடித்திருக்கிறார்கள், டாக்டர் ரோச். கோவில் குறிப்பேட்டில் வருஷம் இருக்கிறது. ஆயிரத்து அறுநூற்று இருபத்தொன்பது, எழுநூற்று முப்பத்தொன்று, எண்ணூற்றுப் பதினொன்று, தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. கடைசியாக இரண்டாயிரத்து நாற்பத்தொன்பது.”

“எல்லாம் தற்செயலான வருஷங்களா?”

ஃபால்க் புன்னகைத்தார். “யோசித்தால் இல்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் கோவிலைப் புதுப்பித்திருக்கிறார்கள். முதல் பூச்சின்போது இங்கே ஆயரே, அதாவது பிஷப்பே, அரசர். மன்னனின் மதம் எதுவோ அதுவே குடிகளின் மதம் என்று சட்டம் இருந்த காலம். இரண்டாவது பூச்சின்போது, சீர்திருத்தச் சபையார், அதாவது புராட்டஸ்டன்டுகள், எட்டு நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு. பாதி ஊர் காலி. மூன்றாவதின்போது பிரெஞ்சுப் பேரரசு. பேரரசருக்கு வரி கொடுப்பதும் படைக்குப் பிள்ளையை அனுப்புவதும் கடவுளுக்குச் செய்யும் கடமை என்று ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான்காவது, சர்வாதிகாரி வந்த வருஷம். அவருக்காகக் கோவில் மணி அடித்த ஊர் இது.”

“ஐந்தாவது?”

“அது சமீபம். உங்களுக்குத் தேவைப்படாது. எங்களுக்கு வேண்டியது அடியில் இருப்பது.”

அடியில் இருப்பது காஸ்பர் ஹோல் என்ற சாமியாரின் கதை. அந்தக் காலத்தில் ஊரில் பலர் வெளியே பூசைக்கு வந்துவிட்டு, வீட்டுக்குள் தடை செய்த பைபிளை வாசித்தார்கள். அவர்கள் யார் என்று சொல்லும்படி ஆயர்-அரசரின் விசாரணை அதிகாரி கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்ல மாட்டேன் என்றார் ஹோல். தலையை வெட்டினார்கள். ஆனால் அவர் செத்த பத்தே நாளில் முப்பத்து நான்கு பேர் பிடிபட்டார்கள். அதனால் ஊரில் ஒரு பாதி அவரைப் புனிதர் என்றது. மறு பாதி, கடைசியில் அவர் வாய் திறந்திருப்பார் என்று நானூறு வருஷமாக முணுமுணுத்தது.

“அவர் சொல்லவில்லை என்று நிரூபித்தால் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைக்கும். அரசாங்கம் அந்த நாளைத் தேசிய விடுமுறை ஆக்கும்” என்றார் ஃபால்க். “ஆயரகமும் அமைச்சகமும் சேர்ந்து செய்கிற வேலை.”

அமலி தலையாட்டினாள். இருபத்து நாலு வயதில் பாவசங்கீர்த்தனம் செய்வதை நிறுத்தியவள் அவள். ஒரு பலகைக்குப் பின்னால் இருப்பவரிடம் தன்னைச் சொல்லிவிட்டு எழுந்து போக அவளால் முடியவில்லை.

சாமியார் இல்லத்தின் பின்கட்டில் அவளுக்கு அறை கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் வழியில் பார்த்தால் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். அவள் வேலை என்னவென்று தெரிந்த பிறகு அதுவும் குறைந்தது. அவள் வந்தால் ரொட்டிக் கடையில் பேச்சு நின்றுவிடும்.

ஒரே ஆள் மட்டும் விதிவிலக்கு. கோவிலைக் கூட்டித் துடைக்கும் ஹெட்விக். அறுபத்தெட்டு வயது. தனிக்கட்டை. முப்பது வருஷமாக அந்த வேலையில் இருப்பவள். தினம் மதியம் ஒரு தூக்குப்பாத்திரத்தில் சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து அமலியின் கருவிக்குப் பக்கத்தில் வைப்பாள். “சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிருங்க” என்பாள். அவள் பேசிய மலை வட்டார ஜெர்மன், அமலியின் காதுக்கு எப்படியோ தூத்துக்குடிப் பேச்சாகவே கேட்டது. சில நாள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். இருவரும் அதிகம் பேசியதில்லை. ஆனாலும் பன்னிரண்டு மணி ஆகும்போது அமலியின் காது கதவுப் பக்கம் போகத் தொடங்கியது.

ஒளியூசி மேலிருந்துதான் கீழே போக வேண்டும். மேல்பூச்சில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைக் கழித்துவிட்டு அடுத்ததைப் படிக்க முடியும். அதனால் ஃபால்க் தேவையில்லை என்று சொன்ன ஐந்தாவது பூச்சை அவள் முதலில் திறக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு இருந்தாள். முதலில் உடை சரசரக்கும் சத்தம். யாரோ முழங்காலிடுகிறார்கள். பிறகு ஒரு பெண் குரல்.

“சாமி, எதிர்வீட்டு மாடியறையில ரஷா ஒளிஞ்சிருக்கான்னு போலீஸ்ல சொன்னது நான்தான். மார்த்தாவோட மருமக. கண்ணால பார்த்தேன், ஜன்னல்ல. தெரிஞ்சும் சொல்லலன்னா என் வீட்டையும் எடுத்துக்குவாங்கன்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. எனக்குப் போக்கிடம் இல்ல சாமி…”

அமலி கருவியைப் பிடுங்கி எறியாத குறையாகக் கழற்றினாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். தினம் மதியம் கேட்கிற குரல். பன்னிரண்டு வருஷம் இளமையாக இருந்தது, அவ்வளவுதான்.

நாற்பத்தொன்பதில் என்ன நடந்தது என்று அவளும் செய்தியில் படித்திருந்தாள். இப்போது ஆள்கிற இதே கட்சிதான் அப்போதும். அங்கீகாரம் பெற்ற இரண்டு சபைகளில் ஒன்றில் பெயர் பதியாதவர்களுக்கு நாட்டில் இடமில்லை என்று ஒரு சட்டம். வேறு மதத்தாரும் மதமே இல்லாதவர்களும் எல்லைக்கு அப்பால் கொண்டுபோகப்பட்டார்கள். எல்லை முகாமில் அந்தக் குளிர்காலம் நிறையப் பேரைக் கொன்றது. பிறகு சட்டம் சத்தமில்லாமல் கிடப்பில் போடப்பட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்று மதியம் ஹெட்விக் சூப் கொண்டுவந்தாள். அமலி குடித்தாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“உப்பு பத்தலையா?” என்றாள் ஹெட்விக்.

“நல்லாத்தான் இருக்கு.”

“முகம் வாடியிருக்கே. ஊர் ஞாபகமா?”

“ஆமா” என்று அமலி பொய் சொன்னாள். ஹெட்விக் அவள் தோளில் ஒரு நிமிஷம் கை வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கை போன பிறகு கூடக் கனத்தது. இந்த ஊரில் தன்னைத் தொட்ட ஒரே கை. எதிர்வீட்டு ஜன்னலில் தெரிந்த பெண்ணைக் காட்டிக்கொடுக்கப் போலீஸ் கதவைத் தட்டியதும் அதே கைதான். அமலியால் இரண்டையும் ஒரே ஆளாகச் சேர்த்து வைக்க முடியவில்லை. யாரிடமாவது பேசித் தீர்க்கலாமென்றால், பேசக்கூடாத விஷயம். சாமியாருக்காவது பட்டம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. அவளுக்கு ஒன்றும் இல்லை. கேட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

மீதியைக் கேட்காமலே, அதுவரை பதிவானதை அழித்தாள். ‘ஐந்தாம் பூச்சு சிதைந்துள்ளது, பேச்சு இல்லை’ என்று குறிப்பு எழுதினாள். மீதிப் பூச்சைப் பேச்சாக மாற்றாமல், கழிப்பதற்கான அதிர்வை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

குளிர்காலம் நீண்டது. முப்பத்தெட்டாம் வருஷத்துப் பூச்சில், கோவிலில் கொடி தொங்கவிட்டது பாவமா என்று ஒருவர் கேட்டார். இல்லை, மகனே, அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்றது பதில். பேரரசுக் காலத்துப் பூச்சில் ஒரு தாய் மகனைப் படைக்கு அனுப்பாமல் தொழுவத்தில் ஒளித்ததைச் சொன்னாள். அனுப்பாதவரை உனக்கு மன்னிப்பு இல்லை என்றது பதில். எழுநூற்று முப்பத்தொன்றாம் வருஷத்துப் பூச்சில் அழுகை மட்டும்தான். எதிர்த்துப் பேசிய சாமியார்களும் இருந்தார்கள். மூன்று பேரை அவள் கேட்டாள். அப்படிப் பேசியவரின் குரல் சில நாளில் நின்றுபோய், வேறு குரல் வந்துவிடும்.

ஃபெப்ரவரியில் அடிப்பூச்சுக்கு வந்தாள்.

காஸ்பர் ஹோலின் குரல் மெல்லியது, கொஞ்சம் திக்கும். அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், ஊரே வரிசையில் வந்து பாவங்களைச் சொன்னது. ஒன்பதாவது நாள் கனமான காலடிகள் கேட்டன. “பெயர்களைச் சொல்” என்றது ஒரு குரல். “தெ… தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். நான் கேட்டது எனக்கு வந்ததல்ல, கடவுளுக்கு வந்தது” என்றார் ஹோல். இழுபறி. மரம் அதிர்ந்தது. பிறகு அமைதி.

அமலிக்குக் கண் கலங்கியது. நானூறு வருஷ முணுமுணுப்புக்கு விடை கிடைத்துவிட்டது. எழுந்து போகலாம். ஆனால் பூச்சு இன்னும் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல ஒரு பெண் முழங்காலிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

“சாமி, உங்க குரல் ஏன் ஒருமாதிரி இருக்கு?” என்றாள் அந்தப் பெண்.

“சளி மகளே” என்றது அந்தக் குரல். வேண்டுமென்றே கொஞ்சம் திக்கியது. “சொ… சொல்லு. எந்த வீட்டில் வாசிக்கிறீர்கள்?”

பதினோரு நாள் அந்த விசாரணை அதிகாரி சாமியாரின் அறையில் உட்கார்ந்திருந்தான். ஹோலைக் கைதுசெய்தது ஊருக்கு அப்போது தெரியாது. ஒவ்வொருவராக வந்து, இருட்டில், தங்கள் சாமியாரிடம் சொல்வதாக நினைத்துச் சொன்னார்கள். அமலி விரல் விட்டு எண்ணினாள். முப்பத்து நான்கு பேர்.

அமலி தகவல் அனுப்பிய மறுநாளே ஃபால்க் வந்தார். கோவிலின் பின்பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. அதையும் அமலி கவனித்தாள். அவர் கல்நெஞ்சர் அல்ல.

“‘சொல்ல மாட்டேன்’ என்பது வரை போதும்” என்றார் கடைசியில். “அதற்குப் பின்னால் வருவது ஆயரகத்துக்குச் சங்கடம். ஆயர்-அரசரின் ஆணை இல்லாமல் அந்த அதிகாரி அங்கே உட்கார்ந்திருக்க முடியாது.”

“பாதி உண்மையை வைத்துப் புனிதர் பட்டமா?”

“அந்தப் பாதி முழு உண்மைதானே? அவர் சொல்லவில்லை. ஐரோப்பாவை ஆயிரம் வருஷம் ஆண்டது வாள் மட்டுமல்ல, டாக்டர். வாள் வெளியே நின்றது. உள்ளே, மனசுக்குள் போக இன்னொரு ஆள் தேவைப்பட்டார். சில சமயம் அந்த ஆள் ஒத்துழைத்தார். சில சமயம் ஹோல் மாதிரி மறுத்தார். மறுத்தவரைக் கொண்டாடுவதில் என்ன தப்பு?”

“அவரைக் கொன்றவர்களின் வாரிசுகள் கொண்டாடுவதுதான் தப்பு.”

ஃபால்க் கோபப்படவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டே எழுந்தார். “இன்னொன்று. ஐந்தாம் பூச்சு சிதைந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.”

அமலி ஒளியூசியை உறையில் போடத் தொடங்கினாள்.

“கருவியை இயக்கும் மின்பெட்டி எங்களுடையது. நீங்கள் கேட்பதெல்லாம் அந்த நொடியே எங்களுக்கும் வந்துவிடும். ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்கிறது. குடிமக்களின் குரல்பதிவேட்டில் ஒப்பிட்டு ஆளையும் கண்டுபிடித்துவிட்டோம்.” அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “பயப்படாதீர்கள். அந்த அம்மாவுக்கு ஒரு கெடுதலும் செய்ய மாட்டோம். அவர் அன்று சட்டப்படிதான் நடந்தார். உண்மையில் நேர்மாறு.”

நேர்மாறு என்றால் என்னவென்று மார்ச் மாதம் தெரிந்தது.

ஹோலுக்கு விழா எடுத்த நாள் காலைப் பூசையில் கோவில் நிரம்பி வழிந்தது. ஆயர் வந்திருந்தார், அமைச்சர் வந்திருந்தார். ஹோலின் குரலை ஒலிபெருக்கியில் போட்டார்கள். ‘சொல்ல மாட்டேன்’ என்றதும் ஊரே எழுந்து நின்றது. முணுமுணுத்த பாதியும் அழுதது. பிறகு அமைச்சர் ஹெட்விக்கின் பெயரைக் கூப்பிட்டார்.

அவள் முன்பே நல்ல உடை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். விழாவில் கௌரவிப்பார்கள் என்று கடிதம் வந்ததாகவும், முப்பது வருஷம் கோவில் துடைத்ததற்காக இருக்கும் என்றும் அமலியிடம் முந்தின நாள் வெட்கத்தோடு சொல்லியிருந்தாள். ஃபால்க் சொன்ன ‘நேர்மாறு’ அமலிக்கு அப்போதே நினைவுக்கு வந்தது. ஆனால் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, தனக்கு எப்படித் தெரியும் என்று சொல்வது?

ஹெட்விக் சிரித்துக்கொண்டே படியேறினாள். அமைச்சர் அவள் மார்பில் ஒரு பதக்கத்தைக் குத்தினார். ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்: நாற்பத்தொன்பதாம் ஆண்டு, பதிவுச் சட்டத்தின் நெருக்கடியான நாட்களில், மலைத் தெரு எட்டாம் எண் வீட்டில் மறைந்திருந்த சட்டவிரோத நபரைப் பற்றித் தகவல் தந்து நாட்டுக்குச் சேவை செய்த விழிப்புள்ள குடிமகள். ஆயர் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

மலைத் தெரு எட்டாம் எண், மார்த்தாவின் வீடு.

யாரும் கைதட்டவில்லை. அப்புறம் முன்வரிசை அதிகாரிகள் தட்டினார்கள். நடுப்பெஞ்சிலிருந்து மார்த்தா எழுந்தாள். எண்பது வயதுக்காரி, கைத்தடியோடு, ஒவ்வொரு அடியும் கேட்கும்படி வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் ஊர் எழுந்து போனது. பீடத்தின் படியில் ஹெட்விக் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கதவு திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் அமலி அமைச்சகத்தின் மின்பெட்டியைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். தன் பையிலிருந்த மின்கலத்தில் ஒளியூசியை இணைத்து, மேல்பூச்சில், தான் பாதியில் நிறுத்திய இடத்தில் வைத்தாள். ஏன் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. பாதி கேட்டதுதான் பெரிய குற்றம் போலத் தோன்றியது. முழுவதும் கேட்டாள். கேட்டு முடித்ததும் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஹெட்விக்கின் வீட்டுக் கதவில் யாரோ சேற்றை வீசியிருந்தார்கள். பலமுறை தட்டிய பிறகு கதவு ஒரு கை அகலம் திறந்தது.

“ஹெட்விக் அம்மா, உங்க குரலை அந்தப் பலகையில கேட்டது நான்தான்.”

“தெரியும். வேற யாரு.”

“அழிச்சேன். அதுக்கு முன்னாடியே அவங்களுக்குப் போயிருச்சு. பதக்கம் எதுக்குன்னும் விழாவுக்கு முன்னாடியே சந்தேகப்பட்டேன். சொல்லலை.”

“பேசாம இருந்தா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும்” என்றாள் ஹெட்விக். கதவைச் சாத்தவில்லை. உள்ளே கூப்பிடவுமில்லை.

“நீங்க அன்னைக்குப் பாதியில எழுந்து ஓடிட்டீங்க.”

ஹெட்விக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். “சாமியார் மூச்சே விடலை. காறித் துப்புவாருன்னு பயம். பாவமன்னிப்பு வாங்காம ஓடி வந்தேன். அடுத்த மாசமே அவர் செத்துப்போனார். வேற யார்கிட்டயும் என்னால சொல்ல முடியலை.”

“நீங்க போன பிறகும் அவர் அங்கேயே இருந்தார். வெளிக்கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் ஒண்ணுமில்லை. அப்புறம் உங்க பெயரைச் சொன்னார். ‘ஹெட்விக், அந்தச் சட்டத்தைப் பீடத்துல நின்னு வாசிச்சது நான். உன்னைப் பயமுறுத்தினது நான்’னு சொன்னார். அழுதார். அதுக்கப்புறம் பாவமன்னிப்பு வாசகத்தை முழுசாச் சொன்னார்.”

தெருவில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஹெட்விக் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் இல்லாதப்போ சொன்னது செல்லுமா?”

அமலிக்குச் செல்லும் என்று சொல்ல ஆசையாக இருந்தது. உதடு வரை வந்தது. பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து ‘சளி மகளே’ என்று சொன்னவனின் குரல் காதில் விழுந்தது.

“எனக்குத் தெரியாது” என்றாள். “நான் சாமியார் இல்லை. அவர் சொன்னார்ங்கறது மட்டும் நிஜம்.”

ஹெட்விக் தலையசைத்தாள். எதிர்வீட்டைப் பார்த்தாள். பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்து எழுந்து, உள்ளே போய், தலைக்குக் கம்பளித் துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

“எங்கே?”

“மார்த்தாகிட்ட. என் வாயால அவ இன்னும் கேட்கலையே. மைக்லதானே கேட்டா.”

“நான் கூட வரட்டுமா?”

“வேண்டாம்.”

அவள் தெருவைக் கடந்தாள். வழுக்கும் பனியில் கையை அகல வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். எட்டாம் எண் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து கைத்தடிச் சத்தம் நெருங்கி வந்தது. கதவு திறந்தது. வாசலில் மார்த்தா நின்றாள். ஹெட்விக் தலையிலிருந்த துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

குறுகலான தெரு. காற்று இல்லை. அமலி நின்ற இடத்திலிருந்து ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கும். ஹெட்விக் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பி, கோவில் இருந்த திசைக்கு எதிர்ப்பக்கமாக, பனியைக் காலால் சத்தமாக மிதித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.